வாசலில் நிற்கும் அம்மாவிடம் என்ன பேசுகிறோம்?

எடை போடும் நாளில் அங்கன்வாடி வாசல் நிறைந்துவிடும். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி ஒன்று என்று அம்மாக்கள் வருவார்கள். அம்மா வேலைக்குப் போயிருந்தால் பாட்டி வருவார். எடைக்கருவியில் உட்கார வைத்ததுமே பிள்ளை வீறிட்டு அழும். கொலுசைக் கழற்று, சட்டையைக் கழற்று, கையை எடு என்று ஆயா குரல் கொடுப்பார். எண் நின்றதும் டீச்சர் பதிவேட்டில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்பார்: "என்ன, போன மாசத்துல இருந்து நூறு கிராம்கூட ஏறலையே? பிள்ளைக்கு ஒழுங்கா சோறு குடுக்கறியா இல்லையா?"

சுற்றிலும் பத்துப் பேர் நிற்கிறார்கள். எல்லோர் காதிலும் அது விழுகிறது. அந்தப் பெண் பதில் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். அடுத்த மாதம் எடை போட வர மாட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்புவார்.

கேட்ட டீச்சரின் மனதில் கெடுதல் இல்லை. எடைக்கோடு இறங்குவதைப் பார்த்து முதலில் பதறியவரே அவர்தான். மாதக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அக்கறையில் பிறந்த கேள்வி, அம்மாவின் காதில் குற்றச்சாட்டாகப் போய் விழுந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கும் குடும்பங்களுக்கும் இடையிலான உரசல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. இரண்டு பேரும் நினைப்பது ஒரே பிள்ளையின் நலனை. நடுவில் இருக்கும் பேச்சு கெட்டுப்போகிறது.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் கல்வி என்ற அமைப்போடு முதன்முதலில் வாய்திறந்து பேசும் இடம் இது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் தலைமை ஆசிரியருக்கும் முன்பாக ஓர் அம்மா சந்திப்பது பால்வாடி டீச்சரை. இங்கே தலைகுனிந்து போனவர், நாளைக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று அழைத்தாலும் கடைசி வரிசையில் வாய்மூடி உட்காருவார். பல நேரம் வரவே மாட்டார். தன் பேச்சுக்கும் இங்கே மதிப்பு உண்டு என்று கண்டுகொண்டவர், எந்தப் பள்ளி வாசலிலும் தயங்காமல் நின்று கேள்வி கேட்பார். பன்னிரண்டு வருடப் பள்ளிப்படிப்பு முழுக்க இந்த முதல் பழக்கம் கூடவே வருகிறது. அதனால்தான் இதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: டீச்சர் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டும். குடும்பத்திடம் கேட்கிற நேரத்தையும் மனதையும் டீச்சருக்கு அரசு தர வேண்டும்.

பள்ளியை முற்றத்துக்குக் கொண்டுபோனவர்கள்

1945-இல் தாராபாய் மோடக், பம்பாய்க்கு வடக்கே கடலோரம் இருக்கும் போர்டி கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவோடு பணியாற்றியவர். 1920-இல் கிஜுபாய் அங்கே தொடங்கிய பால மந்திர், மாண்டிசோரி முறையை இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிப் பார்த்த முன்னோடிப் பள்ளிகளில் ஒன்று. நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கொண்டுசேர்ப்பது தாராபாயின் விருப்பம். போர்டியில் அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக். 13 வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்டு, சில மாதங்களிலேயே கணவரை இழந்து, அதன் பிறகு படித்து ஆசிரியரானவர் அவர்.

பள்ளி திறந்தாயிற்று. ஆதிவாசிக் குடும்பங்களின் பிள்ளைகள் வரவில்லை. பெற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். இன்றைக்கும் எத்தனையோ கூட்டங்களில் அந்த வாக்கியம் காதில் விழுகிறது. தாராபாயும் அனுதாயும் அந்தப் பேச்சுக்குப் போகவில்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார்கள். பெரியவர்கள் கூலிக்குப் போன பிறகு தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் மாடு மேய்ப்பதும் பிள்ளைகளின் வேலையாக இருந்தது. பள்ளிக்கு வர மறுப்பதாகத் தெரிந்தது உண்மையில் வீட்டுக்கு அவர்கள் தரும் உழைப்பு. ஆகவே பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்துக்குப் போனார்கள். பிறகு கோஸ்பாட் குன்றில், மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடத்தினார் அனுதாய். விலையுயர்ந்த மாண்டிசோரிக் கருவிகளுக்குப் பதில் விதை, கிளிஞ்சல், கூழாங்கல், இலை, குச்சி ஆகியவற்றைப் பயன்படுத்தினார்கள்.

முற்றத்தில் வகுப்பு நடக்கும்போது இருவரின் நிலையும் மாறிவிடுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். அங்கே டீச்சர் விருந்தாளி. வீட்டுக்காரர் தலைநிமிர்ந்து தன் இடத்தில் இருக்கிறார். சோறு பொங்கிக்கொண்டே, தன் மகள் விதைகளை எண்ணுவதை அவர் பார்க்கிறார். டீச்சரும் அந்த வீட்டின் அடுப்பையும் தண்ணீர்க் குடத்தையும் படுத்துக்கிடக்கும் தாத்தாவையும் பார்க்கிறார். அதற்குப் பிறகு "வீட்டுல என்னதான் பண்றீங்க?" என்ற கேள்வி வாயில் வராது.

பள்ளிக்கு முந்தைய பருவத்துப் பிள்ளைகளைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழு, மீனா சுவாமிநாதன் தலைமையில் 1972-இல் அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது, தாராபாயும் அனுதாயும் முற்றத்தில் நடத்திய அங்கன்வாடியின் பெயரையே அது எடுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டில் கட்டடம் வந்தது, சமையலறை வந்தது, சுவரில் வண்ணப் படங்கள் வந்தன. எல்லாமே வேண்டியவைதான். வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்து பேசும் வழக்கம் மட்டும் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே போகிறது.

கொட்டாம்பட்டியில் தொடங்கியது

நம் மண்ணிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1980-இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் முயன்று பார்க்கப்பட்ட இடம் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடை போடுவதும், எடை ஏறாத பிள்ளைகளுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துணவு உருண்டை கொடுப்பதும் திட்டத்தின் மையம். எடை தேறியதும் உருண்டை நின்றுவிடும். அது மருந்துபோல, மற்ற நாளெல்லாம் பிள்ளையை வளர்ப்பது வீட்டு அடுப்புதான் என்று அம்மாவுக்குப் புரிய வைப்பது நோக்கம்.

அந்தத் திட்டத்தின் ஊழியர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. அதே ஊரில் குடியிருக்க வேண்டும். ஏழ்மையிலும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்த பெண்ணாக இருந்தால் முன்னுரிமை. பாடம் நடத்த வந்தவராக ஊர் அவரைப் பார்க்கவில்லை. நம்மில் ஒருத்தி, நம்மைப்போலவே கஷ்டப்பட்டவள், ஆனாலும் பிள்ளையைத் தேற்றிவிட்டாள் என்று பார்த்தது. ஊர்ப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். பிள்ளையின் வளர்ச்சி அட்டையை விரித்துக் காட்டி, கோடு ஏறுகிறதா, படுத்திருக்கிறதா என்று அம்மாவோடு சேர்ந்து பார்ப்பது அவர்களுடைய வேலையின் ஒரு பகுதி.

இதிலிருந்து இன்றைய டீச்சர் எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகம். பதிவேடு டீச்சர் பக்கம் திரும்பியிருந்தால் அது அலுவலகக் காகிதம். அம்மா பக்கம் திருப்பி வைத்தால் அது பிள்ளையின் கதை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், இதே பிள்ளையின் போன மாதத்தோடு இந்த மாதத்தை வைத்துப் பேசினால் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. பத்துப் பேர் நடுவே பேசாமல், ஐந்தடி தள்ளி ஜன்னலோரம் அழைத்துப்போய்ப் பேசலாம். கேள்வியையும் இப்படி மாற்றலாம்: "இந்த மாசம் கொஞ்சம் கம்மியா இருக்கும்மா. நடுவுல உடம்பு கிடம்பு சரியில்லாம போச்சா?"

பதில் தானாக வரும். "ஒரு வாரமா வயித்தால போச்சுங்க டீச்சர்" என்பார் ஒருவர். "நான் கம்பெனி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே கிளம்பிடறேன், அத்தைதான் ஊட்டறாங்க" என்பார் இன்னொருவர். "அவரு ரெண்டு மாசமா பணம் அனுப்பல" என்று மூன்றாவதாக ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். மூன்று பிள்ளைகளின் எடையும் ஒன்றாக இருக்கலாம். செய்ய வேண்டியது மூன்றும் வேறு. முதலாவதுக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் கிராம சுகாதார செவிலியரும் வேண்டும். இரண்டாவதுக்கு அத்தையிடம் பேச வேண்டும். மூன்றாவது வீட்டுக்கு வேறு வகை ஆதரவு வேண்டும். "சத்தா குடும்மா" என்ற ஒரே அறிவுரையை மூவருக்கும் சொல்லி அனுப்புவதால் எந்த அடுப்பிலும் எதுவும் மாறாது.

யார் ஊட்டுகிறார்களோ அவரிடம்

நம் ஊர் மையங்களில் ஆலோசனை எல்லாம் அம்மாவுக்கே சொல்லப்படுகிறது. பல வீடுகளில் பிள்ளைக்கு என்ன ஊட்டுவது, எப்போது ஊட்டுவது, முட்டை கொடுக்கலாமா கூடாதா என்பதை எல்லாம் முடிவு செய்பவர் மாமியார். அவரைக் கேட்காமல் மருமகளிடம் மட்டும் சொல்லி அனுப்பினால், அந்தப் பெண் வீட்டில் ஒரு சண்டையைச் சந்திக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க, கேட்டதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

பாட்டிகளைப் பழமையின் பிரதிநிதிகளாகவே பார்க்கும் பழக்கம் பயிற்சி வகுப்புகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேழ்வரகுக் கூழையும் முருங்கைக் கீரையையும் பிள்ளைக்குப் பழக்கியது அந்தக் கைகள். விடுகதை, பல்லாங்குழி, கைதட்டிப் பாடும் பாட்டு எல்லாம் அவர்களிடம் குவிந்து கிடக்கின்றன. தமிழக அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் ஓர் அப்பத்தாவைப் பிள்ளைகள் நடுவில் உட்கார வைத்துக் கதை சொல்ல வைத்தால் அந்தப் பாடத்திட்டத்துக்கு உயிர் வரும். அடுத்த முறை சீம்பாலைப் பற்றியோ, பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைப் பற்றியோ டீச்சர் மாற்றுக் கருத்துச் சொன்னாலும் அந்த அப்பத்தா காதுகொடுத்துக் கேட்பார். தன்னிடமும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் சொல்கிறார் அல்லவா!

அப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோர் கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்றால் கொத்தனாரும் லோடுமேனும் வர வழியே இல்லை. பின்னலாடை நிறுவனத்துக்குப் போகும் அம்மாவும் வர முடியாது. கூட்டத்துக்கு வராதவர் அக்கறையற்றவர் என்று எழுதிவிடுகிறோம். கூட்டத்தின் நேரத்தை முடிவு செய்தது யார் என்று கேட்பதில்லை.

மொழியும் இதோடு சேர்ந்ததே. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் ஏராளம். திருப்பூரில் இந்தி பேசும் குடும்பங்களும், திருவள்ளூர் செங்கல் சூளைகளில் ஒடியா பேசும் குடும்பங்களும் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளை தண்ணீர் கேட்பதும் ஒன்றுக்கு வருகிறது என்று சொல்வதும் டீச்சருக்குப் புரியாவிட்டால், அந்தப் பிள்ளைக்கு அந்த அறை ஒரு காடு. சேர்க்கும் நாளிலேயே அம்மாவிடம் சில சொற்களைக் கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம்: தண்ணீர், பசி, வலி, ஒன்றுக்கு, 'அம்மா சாயங்காலம் வந்துவிடுவார்'. பத்து நிமிட வேலை. அந்த அம்மாவுக்கோ, தன் மொழியை ஓர் அரசு அலுவலகம் கேட்டு எழுதிக்கொண்ட முதல் நாள் வாழ்க்கையில் அதுவாகவே இருக்கும்.

எந்த அம்மாவை 'வாங்க' என்கிறோம், எந்த அம்மாவை 'வா' என்கிறோம் என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை, இருளர் குடியிருப்பிலிருந்து நடந்து வருகிறவருக்கு, அவர் டீச்சரைவிட மூத்தவராக இருந்தாலும், கிடைப்பதில்லை. பிள்ளைகள் இதை எல்லாம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். யாருடைய அம்மா பெரியவர், யாருடைய அம்மா சிறியவர் என்பதை எழுத்துக்கு முன்னாலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

குடும்பத்தை மதிப்பது என்றால் குடும்பம் கேட்பதை எல்லாம் தலையாட்டி ஏற்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகப் பிள்ளைகளை அனுப்ப மறுத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு, செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். மதிய உணவுத் திட்டத்தில் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித் மக்களுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. அந்தப் பெண்ணை இடம் மாற்றி ஊரைச் சமாதானப்படுத்துவது கோழைத்தனம். ஒரு மனிதரை அவமதித்து இன்னொருவருக்குத் தரும் மரியாதை எந்தக் கணக்கிலும் சேராது.

சொல்லக் கடினமான செய்தி

இந்த வேலையிலேயே மிகக் கடினமான பேச்சு ஒன்று உண்டு. மூன்று வயது ஆகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. கண்ணைப் பார்ப்பதில்லை. ஒரே பொம்மைக் காரின் சக்கரத்தை மணிக்கணக்கில் சுழற்றுகிறான். அல்லது, மற்ற பிள்ளைகள் இரண்டு மூன்று சொற்கள் சேர்த்துப் பேசும்போது இவளுக்கு ஒற்றைச் சொல்கூட வரவில்லை. தினமும் இருபது பிள்ளைகளைப் பார்க்கிற டீச்சர் கண்ணுக்கு வித்தியாசம் முதலில் படும். வீட்டாருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிள்ளை இல்லாமல் இருக்கலாம். சில வீடுகளில் தெரிந்திருக்கும்; சொல்லிக்கொள்ளத் துணிவு வந்திருக்காது.

இதைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. மூளை வேகமாக வளரும் இந்த வருடங்களில் கிடைக்கும் பயிற்சி, ஏழு வயதில் கிடைப்பதைவிட அதிகப் பலன் தரும். தவறாகச் சொல்வதும் அதே அளவு கேடு. "உங்க பையன் ஒரு மாதிரி இருக்கான், டாக்டர்ட்ட காட்டுங்க" என்று மாலை மூன்றரை மணிக் கூட்டத்தில், பையைக் கொடுத்துக்கொண்டே சொன்னால் அந்த அம்மா இரவு முழுக்கத் தூங்க மாட்டார். மறுநாள் பிள்ளையை வேறு இடத்தில் சேர்க்கப் பார்ப்பார்.

நல்ல டீச்சர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் சில வாரங்கள் பார்க்கிறார்கள், பார்த்ததை எழுதி வைக்கிறார்கள். பிறகு தனியாக, அவசரமில்லாத நேரத்தில், முடிந்தால் வீட்டிலேயே, பிள்ளைக்கு வரும் நல்லதிலிருந்து தொடங்குகிறார்கள்: பாட்டுக்கு எப்படிக் காது கொடுக்கிறான், தண்ணீரில் விளையாடினால் எப்படிச் சிரிக்கிறான். அப்புறம் கேட்கிறார்கள்: "வீட்ல பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்பிப் பாக்கறானாம்மா? இங்க சில நேரம் திரும்ப மாட்டேங்கறான். நீங்க என்ன பாக்கறீங்க?" இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு வரும் மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில அம்மாக்கள் அழுவார்கள். சில அப்பாக்கள் கோபப்படுவார்கள்; "எங்க அண்ணனும் நாலு வயசுலதான் பேசினான்" என்பார்கள். வாதம் செய்ய வேண்டியதில்லை. நோயின் பெயரைச் சொல்ல டீச்சருக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. காது முதலில் நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்துவிடலாம் என்ற அளவில் நிறுத்தலாம்.

நம்மிடம் அதற்கான ஏற்பாடு இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். மேல் பரிசோதனைக்கு மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. காது, கண், பேச்சு, இயன்முறை எல்லாவற்றையும் அங்கே பார்க்க முடியும். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் எந்தக் கட்டடம், எந்த நாள், முதலில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் பாதி வழியில் திரும்பி வந்த குடும்பங்கள் எத்தனை! முதல் முறை போகும்போது டீச்சரோ ஆயாவோ சுகாதார செவிலியரோ கூடவே போனால், சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் மறக்காது. இதற்குப் பணி நாளாகக் கணக்கும் பேருந்துக் கட்டணமும் தரத் துறை முன்வர வேண்டும்.

முகம் பொருந்தினால் மாவு

டீச்சருக்கும் குடும்பத்துக்கும் இடையே இப்போது மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது: செல்போன். 2021 மார்ச்சில் வந்த போஷன் டிராக்கர் செயலியில் வருகை, எடை, உயரம், உணவு எல்லாம் பதிய வேண்டும். 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு முக அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ சத்துமாவு வாங்க வந்தால் முகத்தைப் படம் பிடிக்க வேண்டும். பதிவில் உள்ள முகத்தோடு அது பொருந்த வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? ஆதாரோடு இணைந்த எண் கணவருடையது. ஓடிபி அவருடைய போனுக்குப் போகிறது. அவர் கட்டட வேலையில் இருக்கிறார். கிராமத்தில் சிக்னல் வரவில்லை. பிரசவத்துக்குப் பின் முகம் மாறியிருக்கிறது. "திரும்ப ஒரு தடவை வெளிச்சத்துல நில்லும்மா" என்று கைக்குழந்தையோடு வந்தவரை மூன்று முறை நிற்க வைக்க வேண்டியிருக்கிறது. "நாளைக்கு வா" என்று சொல்ல வேண்டியது டீச்சர். திட்டு வாங்குவதும் டீச்சர். போலிப் பயனாளிகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்கிறது அரசு. ஐந்து வருடமாகத் தெருவில் பார்த்துப் பழகிய முகத்தை, 'இது நீதானா' என்று ஒரு கருவியிடம் கேட்க வைப்பது இரு பக்கத்தையும் அவமதிக்கிறது. இதை எதிர்த்து அங்கன்வாடி ஊழியர்கள் போராடியது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகளின் படங்களும் அப்படியே. எடை போடும்போது சட்டையில்லாமல் எடுத்த படம், சாப்பிடும் படம், அழும் படம் எல்லாம் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகின்றன. பெற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டவர் எத்தனை பேர்?

டீச்சருக்கு யார் மரியாதை தருவது?

மேலே சொன்னதை எல்லாம் படிக்கும் ஓர் அங்கன்வாடி ஊழியருக்குக் கோபம் வரலாம். வர வேண்டும். பிள்ளைகளைப் பார்ப்பது, சமையலை மேற்பார்ப்பது, பதிவேடுகள், செயலி, கர்ப்பிணிகளுக்கான சமுதாய வளைகாப்பு, தடுப்பூசி நாள், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பொறுப்பு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது படிவங்களோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் இவர்களும் உண்டு. இத்தனைக்கும் மத்திய அரசின் கணக்கில் இவர்கள் 'மதிப்பூதியம்' பெறும் தன்னார்வலர்கள். 2018 அக்டோபரில் உயர்த்தியபோது முதன்மைப் பணியாளருக்கு மத்திய அரசின் மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது என்பதால் இங்கே நிலைமை சற்று மேல். ஆனாலும் அரசு ஊழியர் என்ற தகுதிக்கான கோரிக்கை அப்படியே நிற்கிறது. 2022 ஏப்ரல் 25 அன்று, அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக்கூட வழக்குப் போட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

மேலிருந்து 'ஏன் இன்னும் பதியவில்லை' என்று அதட்டு வாங்கியவர், வாசலில் நிற்கும் அம்மாவிடம் பொறுமையாகப் பேசுவது எப்படி? அதட்டல் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, கடைசியில் எடைக்கருவியில் அழும் பிள்ளையின் அம்மா மேல் விழுகிறது.

தனியார் மழலையர் பள்ளிகளில் இந்தத் தராசு மறுபக்கம் சாய்கிறது. அங்கே பெற்றோர் கட்டணம் கட்டியவர்கள். டீச்சர் மிகக் குறைந்த சம்பளத்தில் நிற்கும் இளம்பெண். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "என் மகள் டிபன் பாக்ஸ் ஏன் காலியாகவில்லை? பதில் தேவை" என்று நாற்பது பேர் முன் கேட்பதும், எடை போடும் நாளில் நடப்பதும் ஒரே வகைக் கொடுமை. அந்த டீச்சருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கலாம், அது அம்மாவுக்காகக் காத்திருக்கலாம். பெற்றோர் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். தனியாக, பகலில், பெயருக்குப் பின் ஒரு 'மிஸ்' சேர்த்துக் கேட்கட்டும்.

மாலையில் பிள்ளையை ஒப்படைக்கும் அந்த ஒரு நிமிடத்தை நான் மிகவும் பெரிதாக நினைக்கிறேன். நனைந்த ஜட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எல்லோர் முன்னும் நீட்டலாம். அல்லது, பையின் அடியில் மடித்து வைத்துவிட்டு, "இன்னிக்கு மணல்ல ஒரு கிணறு வெட்டினான், பெரிய கிணறு, போய்க் கேளுங்க" என்று சொல்லி அனுப்பலாம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பாவும் மகனும் அந்தக் கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே போவார்கள். நாளைக்கு ஒரு குறை சொல்ல நேர்ந்தாலும் அந்த அப்பா நின்று கேட்பார்.

இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு முன் நேரம் வேண்டும். மாதத்தில் இரண்டு மதியங்களைச் செயலியும் பதிவேடும் கூட்டமும் இல்லாமல் வீடுகளுக்குப் போக மட்டும் ஒதுக்கலாம். வேலைக்குப் போகும் பெற்றோருக்காக அதில் ஒன்று மாலை நேரமாக இருக்கலாம்; அந்த மணிகளுக்கு ஈடுசெய் விடுப்பு கொடுக்கலாம். வீட்டுப் பார்வைக்கான பதிவேட்டில், 'வழங்கப்பட்ட ஆலோசனை' என்று எழுதுவதற்கு முன்னால் இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும்: 'குடும்பத்தார் சொன்னது'. அது காலியாக இருந்தால் பார்வை முடியவில்லை என்று மேற்பார்வையாளர் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.